சோதனைக் கருவி வாங்கப் போகும் தோழனுக்கு

(கிள்ளானில் தோட்டத்து மின் தொழிலாளர்களும் வயர்மேன் பயிற்சி பெறும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான நமது தோழர் ஆற்றிய சொற்பொழிவு)



மின்சாரச் சோதனைக் கருவியைப் பற்றிப் பேச ஒரு கிராணியை அழைத்திருக்கிறார்களே, செக்ரோல் எழுதுகிறவனுக்கும் கரண்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் வயர்மேன் அல்லேன். ஆனால், தோட்டத்து ஸ்டோர் கணக்கு என் கையில் இருக்கிறது. எந்தக் கருவி வாங்கப்பட்டது, எது பெட்டி திறக்கப்படாமலே தூசி படிந்தது, எது ஆறு மாதத்தில் பழுதானது என்பதெல்லாம் என் பேரேட்டில் இருக்கிறது. மேலும், இக்கருவிகளுடன் நம் கைக்கு வரும் கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றை அகராதியை வைத்துக்கொண்டு படித்து, அனுபவமிக்க வயர்மேன் அண்ணன்மாரிடம் கேட்டுத் தெளிந்து, நம் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லும் பழக்கம் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. அந்த உரிமையில்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

தோழர்களே! மின்சாரம் நமக்குப் புதிய விருந்தாளி அன்று. இந்த நாட்டில் மின்சாரம் கால் வைத்த கதையிலேயே ஒரு தமிழர் இருக்கிறார். 1894-ஆம் ஆண்டில், சிலாங்கூர் ரவாங்கில், லோக் இயூ அவர்களும் தம்புசாமிப் பிள்ளை அவர்களும் தங்கள் ஈயச் சுரங்கத்திற்காக மின் இயந்திரம் நிறுவினார்கள். 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1953-இல் இதே கிள்ளானில் கன்னாட் பிரிட்ஜ் மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அந்த வாரியம் 1965-இல் தேசிய மின்சார வாரியமாகி, 1990-இல் தெனாகா நேஷனல் ஆயிற்று.

அதுமட்டுமா? அக்காலத்தில் கம்பியைச் சுற்றி மூடியிருந்த உறை எது? ரப்பர்! கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரால்தான் செம்புக் கம்பிக்குச் சட்டை போட்டார்கள். விடியுமுன் எழுந்து நம் பாட்டன்மார் பால்மரத்தில் கீறி எடுத்த பால், பட்டணத்து மாளிகைகளின் சுவருக்குள்ளே மின்காப்பாக இருந்தது. ஆனால், மாளிகையில் விளக்கெரிந்த காலத்தில் நம் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. லயத்துக்கு நல்ல குடிநீரும் போதிய மின்சாரமும் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது.

1950-களுக்குப் பிறகு ரப்பர் உறையின் இடத்தைப் பி.வி.சி. பிடித்துக்கொண்டது. இன்றும் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் பட்டணத்திலோ ஒரு பழைய கடைவீட்டின் கூரையைத் திறந்தால், காய்ந்து வெடித்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிரும் பழைய ரப்பர் வயரைக் காண நேரலாம். கண்ணுக்குத் தெரியும் பொடி சரி. குழாய்க்குள்ளே, சுவருக்குள்ளே இருக்கும் கேட்டை யார் காண்பது? அதைக் காண்பதற்குத்தான் கருவி.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டெஸ்ட் பென் ஒன்றைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ‘விளக்கு எரிகிறது, வேலை முடிந்தது’ என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கு எரிவது வேலை முடிந்ததற்கு அடையாளமே அன்று! எர்த் கம்பி அறுந்திருந்தாலும் விளக்கு எரியும். கசிவைத் தடுக்கும் ஆர்.சி.டி. செத்துக் கிடந்தாலும் விளக்கு எரியும். விளக்குக்குத் தெரியாத ஆபத்து, துணி துவைக்கும் தாயின் ஈரக்கைக்குத் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

இந்நாட்டில் தெனாகா நமக்கு வீட்டு மின்சாரம் தரும் முறைக்கு டி.டி. முறை என்று பெயர். அதாவது, கம்பெனி தன் எர்த்தைத் தன் டிரான்ஸ்பார்மரில் வைத்திருக்கும். நம் வீட்டு எர்த்தை நாம்தான் மண்ணில் தடி அடித்து அமைத்துக்கொள்ள வேண்டும். இதனால் வரும் விளைவை ஒரு சிறு கணக்கால் பார்ப்போம். மின் அழுத்தம் 230 வோல்ட். வீட்டு எர்த்தும் மற்றப் பாதையும் சேர்ந்து 10 ஓம் தடை என்று கொள்வோம். இது நல்ல எர்த்துதான். ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் உடம்பில் லைவ் கம்பி பட்டுவிட்டால் ஓடும் மின்னோட்டம், 230-ஐ 10-ஆல் வகுக்க, 23 ஆம்பியர். அந்த வழியில் இருக்கும் எம்.சி.பி. 32 ஆம்பியர் என்றால் அது அசையுமா? அசையாது! ‘இவ்வளவு தானே, நான் தாங்குவேன்’ என்று சும்மா இருக்கும். இயந்திரத்தின் உடம்போ மின்சாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது ஆர்.சி.டி. ஒன்றுதான். ஈர உடம்பின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்தால், உடம்பினூடே ஓடுவது 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சற்று நேரம் ஓடினாலே இதயத்துக்கு ஆபத்து என்று நூல்கள் சொல்கின்றன. அப்படியென்றால், ஆர்.சி.டி. சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் விழுகிறதா என்று அளந்து பார்க்காமல் ஒரு வீட்டை ஒப்படைப்பது அறமா? நீங்களே சொல்லுங்கள்!

சட்டமும் இதையே கேட்கிறது. 1990-ஆம் ஆண்டின் மின் விநியோகச் சட்டத்தின் கீழ் 1994-இல் மின்சார விதிமுறைகள் வந்தன. எரிசக்தி ஆணையமாகிய சுருஹான்ஜாயா தெனாகா இவற்றைப் பார்த்துக்கொள்கிறது. வயரிங் வேலையை மேற்பார்வை செய்து முடித்ததற்கு ‘ஜி’ பாரம். சோதனை செய்ததற்கு ‘எச்’ பாரம். வயர்மேன் சான்றிதழில் ஒற்றை பேஸ், மூன்று பேஸ் என்ற பிரிவு உண்டு. சோதனை செய்வதற்கென்று தனி அனுமதியும் உண்டு. அந்த அனுமதி உள்ளவரே எச் பாரத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து என்பது மை அன்று தோழர்களே, வாக்கு! ‘நான் அளந்தேன், இது இந்த அளவு’ என்ற வாக்கு.

அந்த வாக்கு எப்படிப் பொய்யாகிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். ஒரு தோட்டத்தில் லய வீடுகள் புதுப்பிக்கப்பட்டன. குத்தகைக்காரர் கொடுத்த சோதனைத் தாள்கள் கோப்பில் சேர்க்கப்படுவதற்காக என் மேசைக்கு வந்தன. இருபது வீடு, இருபது தாள். கணக்கெழுதுகிறவனின் கண் எதைப் பார்க்கும்? எண்ணைத்தான் பார்க்கும். இருபது தாளிலும் மின்காப்புத் தடை 200 மெகா ஓம். இருபதிலும் எர்த் 2 ஓம். இருபதிலும் ஆர்.சி.டி. விழுந்த நேரம் 25 மில்லி செகண்ட். பால் நிறுக்கும் இடத்தில் இருபது வாளியும் ஒரே நிறை காட்டினால் எந்தக் கிராணி நம்புவான்? ஒரு லயத்தின் முனை வீடு பள்ளத்தில் இருக்கிறது, மறுமுனை மேட்டில் இருக்கிறது. மண் எப்படி ஒரே அளவு காட்டும்? சங்கக் கிளையின் வழியாக எழுதிக் கேட்டோம். வேறொரு வயர்மேன் கருவியோடு வந்து அளந்தார். மூன்று வீடுகளில் எர்த் கம்பி தடியோடு சேரவே இல்லை. ஒரு வீட்டில் ஆர்.சி.டி. எத்தனை முறை சோதித்தும் விழவில்லை. அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. நல்லவேளையாக எந்த உயிரும் போகவில்லை. வீடுகள் எல்லாம் செப்பனிடப்பட்டன. பின்னர் விசாரித்தபோது தெரியவந்தது யாதெனில், வேலைக்கு வந்த பையன்களிடம் கருவியே இல்லை! எண்ணைச் சொன்னது முதலாளி, எழுதியது பையன். கருவி இல்லாத கைக்குப் பேனா ஒன்றுதான் கருவி.

ஆகவே கருவி வேண்டும். எந்தக் கருவி? இதுதான் இன்றைய கேள்வி.

முன்பெல்லாம் தனித்தனிக் கருவிகள். மின்காப்பை அளக்க, கையால் சுற்றும் மெக்கர். ‘மெக்கர்’ என்பது 1903-இல் இங்கிலாந்தில் பதிவான ஒரு வணிகப் பெயர். நம்மவர் வாயில் அது வேலைக்கே பெயராகி, ‘மெக்கர் போட்டாயா?’ என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. எர்த்துக்கு வேறொரு பெட்டி, லூப்புக்கு ஒன்று, ஆர்.சி.டி.க்கு ஒன்று. இன்று இவை எல்லாம் ஒரே கருவியில் அடங்கி வருகின்றன. இதையே பன்முகச் சோதனைக் கருவி என்கிறோம். அமெரிக்காவின் புளூக், இங்கிலாந்தின் மெக்கர், ஜப்பானின் கியோரிட்சு, சுலோவேனியாவின் மெட்ரல் முதலிய நிறுவனங்கள் செய்கின்றன. விலை பல ஆயிரம் வெள்ளி. ஓர் இளைஞனின் சில மாதச் சம்பளம்! ஆதலால் பெயரைப் பார்த்து மயங்காமல், கேள்வி கேட்டு வாங்க வேண்டும். நான் எட்டுக் கேள்விகள் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதற் கேள்வி: என் வேலை எது? லய வீடு, கடைவீடு, அடுக்குமாடி வீடு என்று ஒற்றை பேஸ் வேலை மட்டுமா? ஆலை, புகைக்கூடம், மோட்டார் என்று மூன்று பேஸ் வேலையும் உண்டா? மூன்று பேஸ் உண்டென்றால் பேஸ் வரிசை காட்டும் வசதி கட்டாயம் வேண்டும். வரிசை மாறினால் பம்பு தலைகீழாகச் சுற்றும். நாளை செய்யப் போகும் வேலையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஆனால், என்றுமே செய்யப் போகாத வேலைக்காக இன்று கடன்படக் கூடாது.

இரண்டாம் கேள்வி: அடிப்படை அளவுகள் எல்லாம் இருக்கின்றனவா? எர்த் கம்பியின் தொடர்ச்சியை 200 மில்லி ஆம்பியருக்குக் குறையாத மின்னோட்டத்தில் அளக்க வேண்டும். மின்காப்பை 250, 500, 1,000 வோல்ட்களில் அளக்க வேண்டும். ‘என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறதே’ என்று ஒரு தம்பி கேட்பான். மல்டிமீட்டர் சிறிய பேட்டரியின் பலத்தில் பார்க்கிறது. வெடித்த உறையும் அந்தச் சிறு அழுத்தத்தில் நல்லபிள்ளையாக நடிக்கும். 500 வோல்ட் கொடுத்தால்தான் அதன் வேஷம் கலையும். வீட்டு வயரிங்குக்கு 500 வோல்ட்டில் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60364 சொல்லும் அளவு. நல்ல புது வயரிங் இதைவிடப் பல மடங்கு காட்டும். அளவு எல்லைக்கோட்டில் நின்றால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் கேள்வி, நம் நாட்டுக்கே உரிய கேள்வி: ஆர்.சி.டி. சோதனையில் 10, 30, 100 மில்லி ஆம்பியர் மூன்றும் உண்டா? நம் விதிமுறைப்படி, தரை ஈரமாகக் கூடிய இடத்துக்கு 10, கையில் பிடித்து வேலை செய்யும் சாதனத்துக்கு 30, மற்ற இடத்துக்கு 100 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத ஆர்.சி.டி. வேண்டும். குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10. எல்லா நாட்டிலும் 10 அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. ஆகையால் 10 உண்டா என்று கேட்டே வாங்குங்கள். சோதனையில் பாதி அளவில் விழக் கூடாது. முழு அளவில் 300 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும். ஐந்து மடங்கில் 40 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும். அலையின் இரு பக்கத்திலும், அதாவது 0 பாகையிலும் 180 பாகையிலும் சோதிக்க வேண்டும். மோட்டார் வாகனத்துக்கு மின்சாரம் ஏற்றும் பெட்டிகளும், கூரைமேல் சூரிய ஒளித் தகடுகளும் பெருகி வரும் காலம் இது. அவ்வேலைக்குப் போகிறவர் ஏ.சி. வகையோடு ஏ வகை, பி வகை ஆர்.சி.டி.களையும் சோதிக்கும் கருவியைத்தான் பார்க்க வேண்டும்.

நான்காம் கேள்வி: லூப் தடையை ஆர்.சி.டி. விழாமல் அளக்கிறதா? பெரிய மின்னோட்டத்தில் அளந்தால் அளவு திருத்தமாக வரும்; ஆனால் ஆர்.சி.டி. விழுந்துவிடும். அதனால் சுமார் 15 மில்லி ஆம்பியரில் மெல்ல அளக்கும் முறையைப் பல கருவிகளில் வைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 30-க்கும் 100-க்கும் அது சரி. 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி.க்கு 15 என்பது அதிகம் அல்லவா? அது விழத்தான் செய்யும். விழுந்தால் கருவி பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அந்த ஆர்.சி.டி.க்கு முன்னே லூப்பை அளந்து, பின்னே உள்ள கம்பியின் தடையை மின்சாரம் நிறுத்திய நிலையில் தனியே அளந்து, இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். கருவிக்கு முடியாததை அறிவு செய்யும்.

ஐந்தாம் கேள்வி: எர்த் தடியின் தடையை எப்படி அளக்கும்? மூன்று முனை முறையில் இரண்டு துணை ஊசிகளை மண்ணில் அடிக்க வேண்டும். தோட்டத்தில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. பிரிக்பீல்ட்ஸ் சந்தில் ஊசி அடிக்க மண் எங்கே? எல்லாம் சிமெண்டும் தாரும். அங்கே லூப் முறையால் அளவிட்டுக்கொள்ளலாம். அல்லது கவ்வி பிடித்து அளக்கும் வசதி வேண்டும். இது எல்லாக் கருவியிலும் இல்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். மெக்கரின் எம்.எப்.டி. 1700 வரிசையில் 1711-இல் எர்த் தடிச் சோதனை கிடையாது. 1721-இல் ஊசி முறை உண்டு. 1741-இல் ஊசியோடு கவ்வி முறையும் சேரும். பெட்டியின் நிறமும் வடிவமும் ஒன்றுபோல் இருக்கும். கடைசி இரண்டு எண்தான் வேறு. பெயரைக் கேட்டு வாங்காதே, எண்ணைப் பார்த்து வாங்கு!

ஆறாம் கேள்வி: கருவி என்னைக் காக்குமா? ஐ.இ.சி. 61010 தரத்தில் கேட் 3, கேட் 4 என்ற பிரிவுகள் இருக்கின்றன. வீட்டுக்குள் டி.பி. பெட்டியளவில் வேலை என்றால் கேட் 3. மீட்டருக்கு அருகே, மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் வேலை என்றால் கேட் 4. இந்த எழுத்து கருவியில் மட்டும் இருந்தால் போதாது. கம்பியிலும் ஊசி முனையிலும் இருக்க வேண்டும். மழையும் இடியும் மலிந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் இது அலங்காரம் அன்று. சோதிக்கும் வழியில் சாதனம் ஏதும் மாட்டியிருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும் வசதி, புளூக் 1664 எப்.சி. போன்ற கருவிகளில் இருக்கிறது. அது இல்லாத கருவி வைத்திருப்பவர், பிளக்குகளைக் கழற்றி, இடிதாங்கும் எஸ்.பி.டி.யையும் கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும். கழற்ற முடியாவிடில் 250 வோல்ட்டில் சோதிக்கலாம். இல்லையேல் வீட்டுக்காரரின் எல்.இ.டி. விளக்குகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏழாம் கேள்வி: நம்பத் தகுந்ததா, பழுது பார்க்க ஆள் உண்டா? ஐ.இ.சி. 61557 என்ற எண் கருவியில் இருக்கிறதா பாருங்கள். அந்தத் தரமே கூட, வேலை நேரத்துப் பிழை 30 விழுக்காடு வரை இருக்கலாம் என்று எல்லை வகுத்திருக்கிறது. அப்படியென்றால் 1 மெகா ஓம் என்று காட்டும்போது உள்ளபடி 0.7-ஆகவும் இருக்கக் கூடும். இதனால்தான் எல்லைக்கோட்டைச் சந்தேகப்படச் சொன்னேன். ஆண்டுக்கொரு முறை அளவு திருத்தம் செய்ய வேண்டும். மலேசியத் தர இலாகாவின் ‘சாம்’ அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் வாங்குங்கள். அதற்கு ஆகும் பணத்தையும் முதலிலேயே விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா? அளவு தெரிந்த ஒரு தடையை வைத்துக்கொண்டு மாதந்தோறும் நீங்களே ஒருமுறை சரிபார்ப்பதும் நல்ல பழக்கம். பெட்டி கீழே விழுந்தால் அன்றைக்கே சரிபாருங்கள்.

எட்டாம் கேள்வி: வசதிகளுக்கு நான் கொடுக்கும் விலை நியாயமா? அளவுகளைத் தானே நினைவில் வைத்து, கைப்பேசிக்கு அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. நூறு வீட்டு வேலை எடுப்பவருக்கு அது பெரும் உதவி. ஒரே எண்ணை இருபது தாளில் எழுதும் தீமைக்கும் அது ஓரளவு மருந்து. மாதத்துக்கு நான்கு வீடு செய்பவருக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பழைய கருவி மலிவாகக் கிடைத்தால், அளவு திருத்தச் சான்றிதழைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். பாதி விலைக்கு அதே பெயரில் கிடைக்கிறதே என்று ஓடாதீர்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கலாமா?

இவ்வளவும் பார்த்து வாங்கிய பின், கருவி தானாக வேலை செய்துவிடாது. ஒழுங்கு மாறாமல் சோதிக்க வேண்டும். முதலில் கண்ணால் பார். பிறகு மின்சாரம் நிறுத்திய நிலையில் கம்பியின் தொடர்ச்சி, மின்காப்பு, லைவும் நியூட்ரலும் இடம் மாறாமை, எர்த். இவை எல்லாம் தேறிய பின்னரே மின்சாரம் கொடுத்து லூப், ஆர்.சி.டி. எர்த் அறுந்த வீட்டில் மின்சாரம் கொடுத்து ஆர்.சி.டி.யைச் சோதிக்கப் புகுவது, கயிறு கட்டாமல் கிணற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

நிற்க. பணம் யார் கொடுப்பது? இதுதான் சங்கத்தின் கேள்வி.

தோட்டத்திலோ கம்பெனியிலோ கூலிக்கு வேலை செய்யும் மின் தொழிலாளி, முதலாளியின் வேலைக்காகத் தன் சம்பளத்தில் கருவி வாங்க வேண்டிய அவசியம் என்ன? பால் வெட்டும் தொழிலாளி தராசும் கொண்டு வருகிறானா? 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, அச்சட்டப்படி பாதுகாப்புக்காகச் செய்யப்படும் அல்லது தரப்படும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் முதல் நாளிலிருந்து நடப்பில் இருக்கும் சட்டத்தில் 26 ஏ என்ற பிரிவும் சேர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறதென்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அவ்விடத்தைவிட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்பது அதன் கருத்து. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ‘சும்மா எழுது தம்பி’ என்று சொல்லப்படும்போது, ‘கருவி கொடுங்கள், அளந்து எழுதுகிறேன்’ என்று சொல்லும் துணிவு அதிலிருந்து வரட்டும்.

சொந்தமாகத் தொழில் செய்யும் இளைஞர்களுக்கு ஒரு யோசனை. நம் தோட்டங்கள் சுருங்கிவிட்டன. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆகிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்தில் வயரிங் வேலைக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே கடன்பட்டு மட்டமான கருவி வாங்குவதைவிட, ஐந்து பேர் சேர்ந்து நல்ல கருவி ஒன்று வாங்குங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். யார், எந்த நாள், எந்த வேலைக்கு எடுத்தார். திரும்பும்போது கம்பி, ஊசி, பேட்டரி சரியாக இருந்தனவா. ஆண்டுத் திருத்தத்துக்கு மாதம் எத்தனை வெள்ளி சேர்ந்தது என்று எழுதுங்கள். கணக்குச் சுத்தமாக இருந்தால் நட்பும் சுத்தமாக இருக்கும். கணக்கெழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள். அந்த வேலையாவது எனக்குத் தெரியும்!

தாய்மார்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டு டி.பி. பெட்டியில் ‘டி’ என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லையானால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். பொத்தான் வேலை செய்வதாலேயே எர்த்தும் சரி என்று நினைக்க வேண்டாம். அதற்குக் கருவிதான் வேண்டும். புதிய வயரிங் செய்துவிட்டுப் போகிறவரிடம், ‘அளந்த தாள் எங்கே, அப்பா?’ என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. மளிகைக் கடையில் அரிசி நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்கிறோமே, பிள்ளைகள் உறங்கும் வீட்டுக்கு முள்ளைப் பார்க்க வேண்டாமா?

இளைஞர்களே! நீங்கள் கற்கும் தொழில் மேலான தொழில். உங்கள் கையெழுத்தை நம்பி, உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு குடும்பம் அந்த வீட்டில் நிம்மதியாக உறங்கும். அந்த நம்பிக்கைக்குத் தக்க கருவியைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கருவி காட்டும் எண்ணை, கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். குறைந்த எண் வந்தால் வெட்கப்படாதீர்கள், வேலையைத் திருத்துங்கள்.